அடுத்த ஊர் மைதானத்தில் விருந்தாளியாக...



"உதைபந்தாட்டமா? அது ஆம்பிளைகளின் விடயம்" என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எமது குடும்பங்கள் பலவற்றில் இன்று ஒரு மகனோ, மகளோ, தம்பியோ பிரித்தானியாவில் இருக்கிறார். சிலர் படிக்கிறார்கள், சிலர் தொழில் பார்க்கிறார்கள், சிலர் குடும்பமாகவே குடியேறிவிட்டார்கள். அவர்களைப் பார்த்துவர நீங்கள் போயிருக்கும்போது, அங்கே பிறந்த பேரப்பிள்ளை வந்து, "உம்மும்மா, சனிக்கிழமை எங்கட டீம் வெளியூரில விளையாடுது. நீங்களும் வாங்களேன்" என்று கையைப் பிடித்து இழுத்தால் என்ன சொல்வீர்கள்?

அங்கே குடியும் கூத்துமாக இருக்குமா? முக்காடு போட்ட ஒரு பெண் அந்தக் கூட்டத்துக்குள் நிம்மதியாக இருக்க முடியுமா? தொழுகை என்னாவது? சாப்பாடு என்னாவது? இவையெல்லாம் நியாயமான கேள்விகளே. பதில் தேடுவதற்காக உங்களை ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரிலுள்ள டனடைஸ் மைதானத்துக்கு அழைத்துச் செல்கிறேன். புறப்படுவது தலைநகரான எடின்பரோவிலிருந்து. நாம் ஆதரிப்பது எடின்பரோவின் ஹிபர்னியன் அணியை. எதிர்த்து ஆடுவது டண்டீ யுனைட்டட். பச்சையும் வெள்ளையும் கலந்த மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொள்ளுங்கள். இன்று முழுவதும் நாம் அடுத்த ஊரின் விருந்தாளிகள்.

அகதிகளாக வந்தவர்களின் அணி

ஹிபர்னியா என்பது அயர்லாந்துக்கு லத்தீன் மொழியில் வழங்கிய பெயர். 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது. உயிர் பிழைக்கக் கடல் கடந்தவர்களில் பலர் எடின்பரோவின் கௌகேற் என்ற நெரிசலான சேரிப் பகுதியில் குடியேறினார்கள். அவர்கள் கத்தோலிக்கர்கள், ஊரவர்களோ புரட்டஸ்தாந்துக்காரர்கள். பேச்சு வேறு, மார்க்கம் வேறு, வறுமையும் கூடவே வந்தது. அவர்களை எவரும் விரும்பி வரவேற்கவில்லை.

1875ஆம் ஆண்டு அந்தச் சமூகத்தின் இளைஞர்கள் தமது தேவாலயத்தைச் சார்ந்து ஆரம்பித்ததே ஹிபர்னியன் கழகம். தொடக்கத்தில் இவர்களைப் போட்டிகளில் சேர்த்துக்கொள்ளவே மறுப்பு எழுந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1887இல், அதே அணி ஸ்கொட்லாந்துக் கிண்ணத்தை வென்றது. இன்று அந்தக் கழகத்தின் ஆதரவாளர்களில் எல்லா மார்க்கத்தவரும் இருக்கிறார்கள்.

நாம் போகும் டண்டீ யுனைட்டட் அணிக்கும் இதே கதைதான். 1909இல் டண்டீயில் வாழ்ந்த ஐரிஷ் வம்சாவளியினர் அதை ஆரம்பித்தபோது வைத்த பெயர் 'டண்டீ ஹிபர்னியன்'. 1923இல்தான் ஊரவர் அனைவருக்கும் பொதுவான பெயராக 'யுனைட்டட்' என்று மாற்றிக்கொண்டார்கள். ஆகவே இன்றைய எதிரணி உண்மையில் தூரத்துச் சொந்தம். பெயர் மாறிவிட்டது, நிறம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

இரண்டு பாலங்கள்

எடின்பரோவிலிருந்து டண்டீக்கு ரயிலில் ஏறக்குறைய ஒன்றேகால் மணித்தியாலம். காலையிலேயே புறப்பட்டுவிடுங்கள். ஆட்டத்துக்குச் சற்று முன்னர் போகும் ரயில்களில் நெரிசலும் பாட்டுச் சத்தமும் அதிகம். முந்திய ரயிலில் குடும்பங்கள் அமர்ந்திருக்கும் பெட்டியில் ஏறினால் அமைதியாகப் போய்ச் சேரலாம்.

வழியில் முதலில் வருவது ஃபோர்த் பாலம். 1890இல் திறக்கப்பட்ட சிவப்பு நிற உருக்குப் பாலம். 2015இல் உலக மரபுரிமைச் சின்னமாக யுனெஸ்கோ அதை அறிவித்தது. டண்டீயை நெருங்கும்போது டே நதியின் மீது, மூன்று கிலோமீற்றருக்கும் அதிக நீளமான இரண்டாவது பாலம் வருகிறது. வலப்பக்க யன்னலால் நீரைப் பாருங்கள். பாலத்துக்குப் பக்கத்தில் கற்தூண்களின் அடிப்பாகங்கள் வரிசையாக நிற்பது தெரியும். அவை பழைய பாலத்தின் எச்சங்கள். 1878இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் அடுத்த ஆண்டு டிசம்பர் 28ஆம் திகதி இரவு, பெரும் புயலில், ஓடிக்கொண்டிருந்த ரயிலோடு நதிக்குள் விழுந்தது. ரயிலில் இருந்த ஒருவரும் உயிர் தப்பவில்லை. இப்போதைய பாலம் 1887இல் திறக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள். மனிதன் கட்டுவது எதுவும் கவனமின்றி நிலைக்காது என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

பெண்கள் உழைத்த நகரம்

டண்டீ ஒரு காலத்தில் உலகின் சணல் தலைநகராக இருந்தது. எமது நாட்டிலும் அரிசி, சீனி, தேயிலை எல்லாம் நிரப்பிய சாக்கு இருக்கிறதல்லவா, அந்தச் சாக்குத் துணியை நெய்து உலகுக்கெல்லாம் அனுப்பிய ஊர் இது. சணல் வந்தது வங்காளத்திலிருந்து. கிழக்கு வங்காளத்தின் சேற்று வயல்களில் அதை விளைவித்தவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம் விவசாயிகள். இங்கே ஆலைகளில் அதை நூற்று நெய்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். ஆண்களுக்குக் கொடுக்கும் கூலியைவிடப் பெண்களுக்குக் குறைவு என்பதால் ஆலை முதலாளிகள் பெண்களையே விரும்பி எடுத்தார்கள். ஆண்கள் பலர் தொழிலின்றி வீட்டில் பிள்ளைகளைப் பார்த்தார்கள். அதனால் இந்த ஊருக்குப் 'பெண்களின் நகரம்' என்ற பெயரே ஏற்பட்டது. ஆலைகள் இன்று இல்லை. ஆலையொன்றை நூதனசாலையாக வைத்திருக்கிறார்கள்.

ஊர்ப் பெண்கள் உங்களை 'ஹென்' என்று அழைத்தால் கோபிக்க வேண்டாம். ஆங்கிலத்தில் அது கோழியைக் குறிக்கும் சொல்தான். ஆனால் ஸ்கொட்லாந்தில் அது நம் பக்கத்தில் 'மகள்', 'புள்ள' என்பதைப் போல அன்பான விளிப்பு.

தொழுகையும் சாப்பாடும்

சனிக்கிழமை ஆட்டம் வழமையாகப் பிற்பகல் 3 மணிக்கு ஆரம்பமாகும். ஒவ்வொரு பாதியும் 45 நிமிடங்கள். இடையில் 15 நிமிட இடைவேளை. டிசம்பர் மாதத்து டண்டீயில் பகல் எவ்வளவு சிறியது என்பதை அறிந்தால் திகைத்துப் போவீர்கள். பன்னிரண்டு மணி கடந்ததும் லுஹர். ஷாபிஈ மத்ஹபின் கணக்குப்படி ஒன்றரைக்கு முன்னரே அஸர். மூன்றரை கடந்ததும் மஃரிப்!

ஆகவே திட்டமிட்டுக்கொண்டால் எந்தச் சிரமமும் இல்லை. பதினொன்றரை போல டண்டீயில் இறங்கி, புகையிரத நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் பிரவுண் வீதியிலுள்ள பள்ளிவாசலுக்குப் போய்விடலாம். பெண்களுக்கான இடவசதி பற்றி முதல் நாளே தொலைபேசியில் கேட்டு வையுங்கள். லுஹரையும் அஸரையும் முடித்துக்கொண்டே மைதானத்துக்கு நடக்கலாம். மஃரிப் முதற் பாதியில் வருகிறது. இடைவேளையில் ஒரு மூலையில் சிறு விரிப்பை விரித்துத் தொழ இடமுண்டா என்று ஊழியரிடம் மரியாதையாகக் கேளுங்கள். இடம் கிடைக்காவிட்டாலும் பதற வேண்டாம். ஆட்டம் 5 மணிக்கு முன்னர் முடிந்துவிடும். மஃரிபின் நேரம் ஐந்தரைக்குப் பின்னரும் இருக்கிறது. பிரயாணிக்குரிய சலுகைகளைப் பற்றி உங்கள் ஆலிமிடம் முன்கூட்டியே விளக்கம் பெற்றுக்கொள்வது நல்லது.

சாப்பாட்டில் கவனம் தேவை. மைதானத்துக் கடையில் எல்லோரும் வாங்குவது 'பை' என்னும் வட்டமான இறைச்சிப் பணியாரம். டண்டீக்காரர் அதைப் 'பெஹ்' என்பார்கள். உள்ளே மசாலா போட்டு அரைத்த ஆட்டிறைச்சி. ஆடு ஹலாலான பிராணிதான். ஆனால் அறுத்த முறை ஹலால் என்று உறுதியில்லாதபோது நாம் அதைத் தொடுவதற்கில்லை. கோப்பைகளில் ஆவி பறக்க விற்கும் 'பொவ்ரில்' என்ற பானத்தைப் பார்த்துத் தேத்தண்ணி என்று எண்ணிவிடாதீர்கள். அது மாட்டிறைச்சிச் சாறு. பிள்ளை கேட்டால் சொக்லட்டோ, தேத்தண்ணியோ வாங்கிக் கொடுங்கள். வீட்டிலிருந்து ரொட்டியோ, சண்ட்விச்சோ கட்டிக்கொண்டு போவது இன்னும் நல்லது. கண்ணாடிப் போத்தலும் டின்னும் உள்ளே கொண்டு போக விடமாட்டார்கள்.

நமக்கென்று ஒரு வாசல்

டனடைஸ் மைதானம் நகரின் நடுவிலுள்ள 'லோ' என்ற குன்றின் சரிவில் இருக்கிறது. புகையிரத நிலையத்திலிருந்து அரை மணித்தியால ஏற்றம். முழங்கால் வலி உள்ளவர்கள் பஸ்ஸிலோ டக்ஸியிலோ போகலாம். வீடுகளுக்கிடையே திடீரென்று ஒரு மைதானம் தெரியும். 'இதுதானா?' என்று கேட்பதற்குள் அதே தெருப்பக்கம் இன்னொன்றும் தெரியும். அது டண்டீ என்ற மற்றைய அணியின் டென்ஸ் பார்க். இரண்டுக்குமிடையே இருநூறு மீற்றர்கூட இல்லை. டண்டீ யுனைட்டட் தன் வரலாற்றில் ஒரே ஒரு தடவை, 1983இல், நாட்டின் சம்பியனாகியது. அந்தக் கடைசி ஆட்டம் நடந்தது டென்ஸ் பார்க்கில். தம் வீட்டு வாசலிலிருந்து எட்டு வீடு தள்ளிப் போய், அயலவரின் முற்றத்தில் விருந்தாளிகளாக நின்று வாழ்க்கையின் பெரிய வெற்றியைக் கொண்டாடியவர்கள் இவர்கள்.

வெளியூர் ஆதரவாளர்களுக்கு எந்த மைதானத்திலும் தனிவாசல், தனிப்பகுதி உண்டு. உங்கள் அணியின் கழகத்தினூடாகவே அந்தப் பகுதிக்கான டிக்கட்டை வாங்க வேண்டும். நான் சகோதரியின் மகனோடு முதற்தடவை போனபோது நாங்கள் பிழையான தெருவில் திரும்பப் பார்த்தோம். செம்மஞ்சள் மப்ளர் அணிந்த ஒரு முதியவர், எங்கள் பச்சை மப்ளரைக் கண்டு எதிரே வந்தார். "உங்களது வாசல் அந்தப் பக்கம், ஹென். இப்படி வாருங்கள்" என்று தெருமுனை வரை கூடவே நடந்து வந்து காட்டினார். பிரியும்போது, "பாதுகாப்பாக வீடு போய்ச் சேருங்கள், புள்ளிகளை மட்டும் இங்கே விட்டுவிட்டுப் போங்கள்" என்று சிரித்தார்.

வாசலில் பையைச் சோதிப்பார்கள். பெண்களைச் சோதிப்பது பெண் ஊழியர்களே. முக்காட்டைப் பற்றி எங்களிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இனிக் குடியைப் பற்றிய கேள்வி. 1980 மே மாதம் கிளாஸ்கோ ஹம்டன் பார்க்கில் ரேஞ்சர்ஸ், செல்ட்டிக் அணிகளின் இறுதியாட்டம் முடிந்ததும் இரு தரப்பு ஆதரவாளர்களும் மைதானத்துக்குள் இறங்கிப் போத்தல்களாலும் கற்களாலும் மோதிக்கொண்டார்கள். குதிரைப் பொலிஸார் வந்தே பிரிக்க வேண்டியிருந்தது. அந்த வருடமே சட்டம் வந்தது. ஆட்டம் பார்க்கும் பொது ஆசனப் பகுதிகளுக்கு மதுவைக் கொண்டுவருவதும், போதையில் உள்ளே நுழைவதும், ஆதரவாளர்களை ஏற்றிவரும் பஸ்ஸில் மது வைத்திருப்பதும்கூடக் குற்றமாயின. மதுவை மார்க்கம் தடுக்காத ஒரு நாடு, அதன் கேட்டைக் கண்ணால் கண்ட பின்னர் சட்டத்தால் தடுத்தது! ஆனால் வெளியே மதுக்கடைகள் நிரம்பி வழியும். அந்தத் தெருக்களைத் தவிர்த்து நடப்பது உங்கள் பொறுப்பு.

படிக்கட்டுகளில் பிள்ளையின் கையை விடாதீர்கள். 1971 ஜனவரி 2ஆம் திகதி கிளாஸ்கோவின் ஐப்ரொக்ஸ் மைதானத்தில் ஆட்டம் முடிந்து வெளியேறும்போது ஒரு படிக்கட்டில் கூட்டம் சரிந்து 66 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் சிறுவர்களும் இளைஞர்களும். அதன் பிறகே மைதானப் பாதுகாப்புக்கு 1975இல் தனிச் சட்டம் பிறந்தது. இன்று ஆசனங்கள், அகன்ற வழிகள், ஊழியர்கள் எல்லாம் உண்டு. ஆனாலும் கடைசி நிமிடம் வரை காத்திருந்து, கூட்டம் குறைந்த பின்னர் இறங்குவதே புத்தி.

பெருங்கூட்டத்தில் சிறுகூட்டம்

மைதானத்தில் ஏறக்குறைய 14,000 பேர் அமரலாம். அதில் ஒரு சிறு பகுதியே நமக்கு. சுற்றிலும் செம்மஞ்சள், ஒரு மூலையில் பச்சை. அதிசயம் என்னவென்றால், சத்தம் அதிகமாக வருவது அந்த மூலையிலிருந்துதான். சிறுபான்மையாக இருப்பவர்கள் ஒருவரோடொருவர் நெருங்கி நிற்பார்கள், பெயர் தெரியாதவரும் தேத்தண்ணி வாங்கித் தருவார், குளிருக்குப் போர்வையைப் பகிர்ந்துகொள்வார்.

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது நேர்மையாகாது. ஆட்டம் முழுவதும் எழுந்து நின்று கத்தும் இளைஞர்கள் நடுவில் இருப்பார்கள். நீங்கள் ஓரத்து ஆசனங்களைக் கேட்டு வாங்குங்கள். கெட்ட வார்த்தைகள் காதில் விழும். பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: கேட்பது நம் கையில் இல்லை, சொல்லாமலிருப்பது நம் கையில் இருக்கிறது. நிறப்புகை கக்கும் தீப்பந்தங்களைச் சிலர் கொளுத்துவதுண்டு. 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதைக் கடுமையாகத் தடுத்தும் முற்றாக ஓயவில்லை. சுவாச நோயுள்ள பிள்ளைகள் விடயத்தில் கவனம். சூதாட்ட நிறுவனங்களின் விளம்பரங்களும் கண்ணில் படும். அது ஹராம் என்பதை அந்த இடத்திலேயே பிள்ளைக்கு விளங்கப்படுத்திவிடலாம்.

விருந்தாளி இல்லாத வீடு

விருந்தாளிக்கென்று ஒரு மூலை ஒதுக்குவது சிறிய விடயமாகத் தெரியலாம். அது இல்லாமற் போனால்தான் அதன் அருமை தெரியும். கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸும் செல்ட்டிக்கும் தத்தம் மைதானத்தில் மற்றவருக்கு 7,000 ஆசனங்கள் வரை ஒதுக்கி வந்தார்கள். ஒரு பக்கம் புரட்டஸ்தாந்து, மறுபக்கம் கத்தோலிக்கம் என்ற பழைய பகை அந்த ஆட்டத்தில் எப்போதும் கனன்றுகொண்டிருக்கும். 2018இல் அந்த 7,000 ஏறக்குறைய 800 ஆகக் குறைக்கப்பட்டது. பின்னர் மற்றவர் ஒருவர்கூட இல்லாமலே சில ஆட்டங்கள் நடந்தன. ஐம்பதினாயிரம் பேர் இருந்தும் எதிர்ச் சத்தம் இல்லாத மைதானம்! எதிர்த்துப் பாட ஆளில்லாத வெற்றியில் என்ன சுவை என்று ரசிகர்களே கேட்டார்கள். 2025இல்தான் விருந்தாளிகளுக்கு மீண்டும் இடம் கொடுத்தார்கள்.

இதற்கு மாறாக, நாம் நிற்கும் இந்த டனடைஸில் 1987 மே 20ஆம் திகதி இரவு நடந்ததைக் கேளுங்கள். ஐரோப்பிய யூஈஎஃப்ஏ கிண்ணத்தின் இறுதிப் போட்டியில் டண்டீ யுனைட்டட்டின் எதிரணி சுவீடனின் கொதன்பர்க். இறுதிப் போட்டி அப்போது இரண்டு ஆட்டங்களாக நடைபெற்றது. முதலாவதில் கொதன்பர்க் 1-0 என வென்றிருந்தது. டனடைஸில் நடந்த இரண்டாவது ஆட்டம் 1-1. கிண்ணம் கையை விட்டுப் போய்விட்டது. சிறிய ஊரின் சிறிய அணிக்கு அப்படியொரு சந்தர்ப்பம் வாழ்நாளில் ஒரு தடவைதான் வரும். தோற்ற ஊரவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வீட்டுக்குப் போகவில்லை. எழுந்து நின்றார்கள். தமது மைதானத்தைச் சுற்றிக் கிண்ணத்தோடு வலம் வந்த வெளிநாட்டு அணிக்குக் கைதட்டினார்கள்.

உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபீஃபா, நேர்மையான நடத்தைக்கான விருதை முதன்முதலாக அந்த ஆண்டு வழங்கியபோது, அதை எந்த வீரருக்கும் கொடுக்கவில்லை. டண்டீ யுனைட்டட்டின் ஆதரவாளர்களுக்குக் கொடுத்தது. மைதானத்தின் ஒரு பகுதிக்கு அந்த விருதின் நினைவாக 'ஃபெயார் ப்ளே' என்றே பெயரும் உண்டு. கிண்ணம் கொதன்பர்க்குக்குப் போயிற்று. ஊருக்கு மிஞ்சியது நற்பெயர். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது.

சகோதரிகளே! விருந்தாளியைக் கண்ணியப்படுத்தும்படி எமக்கு மார்க்கம் கற்றுத் தந்திருக்கிறது. விருந்தாளியாகப் போனால் வீட்டுக்காரருக்குச் சங்கடம் தராமல் நடக்கவும் கற்றுத் தந்திருக்கிறது. எம் பிள்ளைகள் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் இந்த இரண்டு பாடமும் அவர்களுக்குத் தேவைப்படும். சில நாள் அவர்கள் பெருங்கூட்டத்தில் இருப்பார்கள், பல நாள் மூலையிலுள்ள சிறு கூட்டத்தில் இருப்பார்கள். தன் நிறத்தை மறைக்காமல், அடுத்தவர் நிறத்தை இகழாமல், வென்றாலும் தோற்றாலும் தலைநிமிர்ந்து வீடு திரும்ப அவர்கள் பழக வேண்டும்.

ஆகவே பேரப்பிள்ளை கையைப் பிடித்து இழுத்தால் மறுத்துவிடாதீர்கள். இரண்டு சோடிக் கம்பளிக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டைக் கட்டிக்கொள்ளுங்கள். தொழுகை நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிஸ்மில்லாஹ் சொல்லிப் புறப்படுங்கள். உங்கள் அணி வெல்லுமா என்பதற்கு நான் பொறுப்பில்லை. போய் வந்த பிறகு உங்களுக்கும் பிள்ளைக்கும் பேசிக்கொள்ள நிறைய இருக்கும், இன்ஷா அல்லாஹ்.